பல்லிச் சகுனமும் கரண்டுத் தட்டியும்

எண்பதுகளின் தொடக்கத்தில், சங்கரன்கோவிலில் என் மாமியார் வீட்டில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மாமனார் காலமாகிவிட்டார். என் கணவர் சரக்குக் கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டர். வருடத்தில் முக்கால்வாசி நாள் கடலில்தான் இருப்பார். ஆக வீட்டில் இருந்தது மாமியார், கணவரின் தங்கையான என் நாத்தனார், பிறகு நான். மூன்று பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு வம்புதான் இருந்தது. அது என் கணவர் கொண்டுவந்து இறக்கிய இரண்டு ஸ்பீக்கர்கள்.

ஒரு விடுமுறைக்கு அவர் வந்தபோது, பின்னாலேயே தூத்துக்குடியிலிருந்து லாரியில் ஆள் உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள் வந்தன. பிரிட்ஜ் என்று நினைத்து வாசலுக்கு ஓடினேன். நான் கேட்டிருந்ததும் அதுதான். பெட்டியைப் பிரித்தால், கதவு மாதிரி ஒல்லியாக, நெட்டையாக, கறுப்பு வலை போட்ட இரண்டு சட்டங்கள். ஏதோ ஒரு துறைமுகத்தில், வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவரிடம் மலிவாகக் கிடைத்ததாம். எதிர்வீட்டு அக்கா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“பட்டாசலை ரெண்டாத் தடுக்கப் போறியளா? தட்டி நல்லா உறுதியாத்தான் இருக்கு” என்றாள். முன்கூடத்தைத்தான் எங்கள் பக்கம் பட்டாசல் என்று சொல்லுவோம்.

அன்றிலிருந்து என் மாமியாருக்கு அது ‘கரண்டுத் தட்டி’ ஆகிவிட்டது. அந்தப் பெயரில் தப்பும் இல்லை. நாம் பார்த்த ஸ்பீக்கருக்குள் காந்தமும் காகிதக் கூம்பும் இருக்குமே, இதில் அந்த இரண்டும் கிடையாது. ஓட்டை போட்ட இரண்டு உலோகத் தகடுகள். நடுவே, அப்பளப் பாக்கெட்டின் தாளைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள், மேளத்துத் தோல்போல இழுத்துக் கட்டியிருக்கும். அந்தத் தாளுக்குச் சில ஆயிரம் வோல்ட் மின்சாரம் ஏற்றி வைக்கவேண்டும். அதற்கென்று ஸ்பீக்கருக்கே தனியாக ஒரு பிளக். பாட்டு வரும்போது தாள் முழுவதும் ஒன்றாக அதிரும். எலக்ட்ரோஸ்டாட்டிக் என்று பெயர். எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழைவதற்கே ஒரு விடுமுறை முடிந்துவிட்டது.

என் கணவர் அவற்றைச் சுவரை ஒட்டி நிறுத்தினார். இடம் அடைக்காமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் பானைக்குள் தலையை விட்டுப் பாடுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. இதற்கா இத்தனை பாடு என்று எனக்குச் சிரிப்பு. அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர் கப்பலுக்குத் திரும்பிய பிறகு என் நாத்தனார் அந்த வேலையைக் கையில் எடுத்தாள்.

அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். பாளையங்கோட்டையில் பௌதிகம் படித்தவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் ஒரு வார்த்தை கூடுதலாகவும் இருக்காது, குறைவாகவும் இருக்காது. கோபமும் அப்படித்தான், வந்தாலும் நமக்குத் தெரியாது. இந்த ஸ்பீக்கரில் முன்பக்கம் எவ்வளவு சத்தம் வருகிறதோ அதே அளவு பின்பக்கமும் வரும், சுவரை ஒட்டி வைத்தால் பின்னால் போன சத்தம் சுவரில் முட்டிக்கொண்டு வந்து முன்சத்தத்தைக் கெடுக்கும் என்று கண்டுபிடித்தாள். உடனே இரண்டையும் தரதரவென்று இழுத்துப் பட்டாசலின் நட்டநடுவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பாதிக் கூடம் போயிற்று. தட்டிக்குப் பின்னால் ஒரு சந்து உண்டாயிற்று.

“ஏட்டி, வீட்ல மனுசன் இருக்கவா, இந்தத் தட்டி இருக்கவா?” என்று மாமியார் தினமும் கேட்டார். இவள் பதில் சொல்லாமல் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருப்பாள். இன்றைக்கு இந்தக் கோட்டில் நிறுத்தி ஒரு ரெக்கார்ட். நாளைக்கு அரைச் சாண் தள்ளி, கொஞ்சம் உட்பக்கமாகத் திருப்பி, அதே ரெக்கார்ட். கேட்பதற்கு நான். எதிரே ஒரு நாற்காலியில் என்னை உட்கார வைத்து, “மதினி, பாடுதவங்க எங்கன நிக்காங்க?” என்பாள்.

“எங்கன நிக்காங்க? ரெக்கார்டுக்குள்ளதான் நிக்காங்க” என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரித்துவிட்டு மறுபடி கோட்டை அழிப்பாள். இது மாதக் கணக்கில் நடந்தது.

ஒரு சாயங்காலம் வழக்கம்போல உட்கார்ந்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டேன். வீணைக் கச்சேரி. திடீரென்று கை நின்றுவிட்டது. சத்தம் இந்தத் தட்டியிலிருந்தும் வரவில்லை, அந்தத் தட்டியிலிருந்தும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே வெறும் இடத்தில், தரையில் சம்மணம் போட்டு யாரோ உட்கார்ந்து வாசிக்கிறார்கள். நரம்பின் மேல் விரல் உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பாட்டைக் கேட்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் கோட்டை அழிக்கவேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஊர்க்காரர்களுக்கு இதில் ஒன்றும் சுவாரசியமில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ரத வீதி முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பழகின ஊர். “இம்புட்டு உசரம் நிக்கி, சத்தம் இம்புட்டுத்தானா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

நிறுத்தி வைப்பது ஒரு வேலை என்றால், பேணுவது பத்து வேலை. தலை சீவின சீப்பைக் காகிதத்துண்டு பக்கத்தில் கொண்டுபோனால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளுமே, அதே சங்கதிதான். தூசி எங்கே இருந்தாலும் இதைத் தேடி வரும். எங்கள் தெருவிலோ நாலு வீட்டுக்கு ஒரு விசைத்தறி, காற்றிலேயே பஞ்சு பறக்கும். ஆனி ஆடிக் காற்று அடித்தால் வீட்டுக்குள்ளேயே கரிசல் மண். என் பழைய நூல் சேலைகளைக் கிழித்து இரண்டு ஸ்பீக்கருக்கும் உறை தைத்தேன். ஈரத்துணி பக்கத்திலேயே போகக்கூடாது, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால்தான் தட்டவேண்டும். ஐப்பசி மழையில் ஈரம் ஏறாமலிருக்கப் பின்னால் ஒரு சின்ன பல்பு எரியும். ஊதுபத்தி ஏற்றினால் பூஜை அறைக் கதவைச் சாத்திவிடுவாள். உள்ளே ஒரு பொறி தெறித்துத் தாளில் ஓட்டை விழுந்தால் கதை முடிந்தது. அந்தத் தாளுக்கு மாற்று மெட்ராசிலும் கிடையாது. இதையெல்லாம் அவள் யாரையும் திட்டாமல், யாரிடமும் அலுத்துக்கொள்ளாமல் செய்தாள். எனக்கு அந்தப் பொறுமையைப் பார்த்தால் பொறாமையாகவே இருக்கும்.

இதற்கிடையே அவளுக்கு வயது இருபத்தாறு ஆகிவிட்டது. அந்தக் காலத்தில், எங்கள் ஊரில், இருபத்தாறு என்பது தெருவே விசாரிக்கிற வயது. இரண்டு இடங்கள் வந்து தட்டிப்போயின. முதலில் வந்தவர்களுக்கு ஜாதகம் சேரவில்லை. அடுத்து வந்தவர்கள் பட்டாசலில் ஓடுகிற வயர்களைப் பார்த்துவிட்டு, “கரண்டு வேலை பாக்குத பொண்ணு எங்களுக்குச் சரிப்படாது” என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமியாருக்கு அன்றிலிருந்து தட்டியைக் கண்டாலே ஆகாது.

மூன்றாவதாக வந்தது வாசுதேவநல்லூர் இடம். மாப்பிள்ளைக்கு விவசாய ஆபீசில் வேலை. அப்பா குளத்துப் பாசன வயல்காரர். அம்மா இறந்துவிட்டார். ஒரு தம்பி உண்டு. போட்டோ வந்திருந்தது. நாத்தனார் அதை ஒரு தடவைதான் பார்த்தாள். அன்று மத்தியானம் நான் ஸ்பீக்கர் உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து நூலைக் கோத்துக் கொடுத்தாள்.

“மதினி, இந்த எடம் அமைஞ்சா நல்லாருக்கும்னு தோணுது” என்றாள்.

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதேயில்லை. ஓடிப்போய் மாமியாரிடம் சொன்னேன். அவர் அந்த இடத்திலேயே கோமதி அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, ராகு காலத்துக்கு முன்னால் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. தட்டிகளைப் பின்கட்டுக்குத் தூக்கிவிடலாம் என்று மாமியார் தூது விட்டார், என்னைத்தான். நாத்தனார் சம்மதிக்கவில்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. வருகிறவர்கள் எப்படியும் பெண்ணைப் பாடச் சொல்லுவார்கள். இவளுக்குப் பாட்டுக்கும் தூரம், ராகத்துக்கும் தூரம். அதற்குப் பதிலாக ஒரு நாதஸ்வர ரெக்கார்டை இதில் போட்டுக் காட்டினால்? கேட்டவர்கள் சொக்கிப் போய்விடமாட்டார்களா? மாமியாருக்கும் இது பிடித்துவிட்டது. காலையிலேயே உறையைக் கழற்றி, பிளக்கைச் செருகி, ஸ்பீக்கர்களைத் தயாராக வைத்தாள் நாத்தனார்.

பிறகு அவளை உள்ளறையில் உட்கார வைத்துத் தலை பின்னினேன். மாம்பழக் கலர் பட்டுச்சேலை. பிச்சிப்பூவைப் பாதிதான் வைத்திருப்பேன், அதற்குள் பட்டாசலிலிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. வெள்ளிக்கிழமை ஆச்சே, மாமியார் வீடு முழுக்கப் புகை போட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாகப் பட்டாசலை விட்டுவிடுவார். அன்றைக்கு நல்ல காரியம் என்பதால் விடவில்லை. முந்தின இடம் தட்டிப்போனதே இந்தத் தட்டியால்தான் என்று அவர் மனசில் இருந்ததால், தட்டிகளுக்குத்தான் முன்னும் பின்னும் சுற்றிச் சுற்றிக் கூடுதல் புகை. எட்டிப் பார்த்தேன். மேலே போகவேண்டிய புகை அந்தக் கறுப்பு வலைக்குள் நுழைந்து நுழைந்து போவதுபோல எனக்குத் தோன்றியது.

அப்போது கேட்டது, டிக் டிக் டிக் என்று.

மாமியார் சாம்பிராணிக் கரண்டியைக் கீழே வைத்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “பல்லி சொல்லுது! கெழக்கப் பாத்துச் சொல்லுது! ஏ பிள்ள, இந்த எடம் அமைஞ்சாச்சு!” என்று சொல்லிக்கொண்டே, குனிந்து தரையை விரலால் தட்டிப் பல்லிக்கு மரியாதை செய்தார். நானும் ‘அப்பாடா’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பல்லி நிற்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது. இவ்வளவு நல்ல சகுனத்தை நான் பார்த்ததேயில்லை.

என் கையிலிருந்த பின்னலைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள் நாத்தனார்.

“அம்மா! அது பல்லி இல்ல!”

பட்டுச்சேலை தடுக்கத் தடுக்க ஓடிப்போய் இரண்டு பிளக்கையும் உருவினாள். புகை உள்ளே படிந்து மின்சாரம் கசிகிற சத்தமாம் அது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் தாளில் பொறி விழுந்திருக்குமாம். கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஸ்குரூ டிரைவரால் ஒரு ஸ்பீக்கரின் பின்மூடியைக் கழற்றினாள், உள்ளே காற்றோட்டமாக இருக்கட்டும் என்று. “இதத் தொட்டுராதிய மதினி. அணைச்சாலும் உள்ள கொஞ்ச நேரம் கரண்டு நிக்கும்” என்றாள். அடுத்ததைக் கழற்றப் போகுமுன் வாசலில் கார் வந்து நின்றது. மாமியார் அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று உள்ளறைக்கு இழுத்துப்போனார்.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அப்பாவின் அக்கா. அப்பா நல்ல உயரம், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வாசலில் செம்பில் தண்ணீர் கொடுத்தேன். கைகால் கழுவி, முகம் கழுவி, அந்தத் துண்டையே நனைத்துக் கழுத்தெல்லாம் துடைத்துக்கொண்டார். வெயில் அப்படி. அந்த அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் நான் நாற்காலி நகர்த்திப் போடுகிற நேரம், அவர் ஈரத் துண்டை உலர்த்த இடம் தேடியிருக்கிறார். பட்டாசலின் நடுவே வாகாக ஒரு தட்டி நிற்கிறது. பின்னால் சந்து, சந்தில் சன்னல், சன்னலில் காற்று. யாராக இருந்தாலும் அங்கேதான் போவார்கள். மூடி கழற்றிய ஸ்பீக்கருக்குப் பின்னால் போய், துண்டை உதறி, மேலே போடக் கையைத் தூக்கினார்.

“மாமா! தொடாதிய!”

உள்ளறையிலிருந்து நாத்தனார் பறந்துதான் வந்தாள். அவர் கையிலிருந்த துண்டை வெடுக்கென்று பிடுங்கினாள். அப்படியும் துண்டின் முனையிலிருந்து ஒரு சொட்டு உள்ளே விழுந்தது. சடக் என்று ஒரு சத்தம். நீலமாக ஒரு பொறி. பெரியவர் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

பெண் தலையைக் குனிந்துகொண்டு காபித் தட்டோடு வரவேண்டிய நேரம் அது. இவள் பாதிப் பூவும் கலைந்த பின்னலுமாக, வருங்கால மாமனாரின் ஈரத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தக் கை ஒரு சாண் கீழே இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே பயமாக இருந்தது.

முதலில் வாயைத் திறந்தது பெரியவரின் அக்கா. “பாக்க வந்த ஒடனேயே மாமாவா? நல்லாத்தான் இருக்கு!”

வீட்டுக்கு வருகிற பெரியவர்களை அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டால் வம்பில்லை. அவசரத்தில் இவள் வாயில் வந்தது அந்த வார்த்தை. எனக்கு மட்டும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

“மன்னிச்சுக்கிடுங்க. அதுல கரண்டு நிக்கி. உங்க கை ஈரம்” என்றாள் அவள். குரல் நடுங்கவில்லை. துண்டைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மாமியார் சமாளிக்கப் பார்த்தார். எல்லாரையும் உட்கார வைத்து, எதுவுமே நடக்காத மாதிரி, மிச்சப் பூவையும் வைத்து அவளை மறுபடி காபித் தட்டோடு அனுப்பினார். இப்போது தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தாள். மாப்பிள்ளை சிரிப்பை அடக்குவதற்காகக் காபியை வேகமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். நல்ல பிள்ளை என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

“பாடுவியாம்மா?” என்று கேட்டார் பெரியவரின் அக்கா, நாங்கள் எதிர்பார்த்த மாதிரியே.

மாமியார் முந்திக்கொண்டார். “பாட்டுப் பொட்டியே வீட்ல இருக்கு. அவ அண்ணன் சீமைல இருந்து கொண்டாந்தது. ஏட்டி, அந்த நாயனத்தப் போடு.”

“இன்னைக்குப் போட முடியாதும்மா.”

“ஒரே ஒரு பாட்டு போடு.”

“முடியாதும்மா.”

“இம்புட்டுப் பெரிய சாமானு, ஒரு பாட்டுக்குமா தாங்காது?” என்றார் பெரியவர். குரலில் கொஞ்சம் நக்கல். பயந்து பின்வாங்கினது அவருக்கு மனசில் உறுத்தியிருக்கும். மாப்பிள்ளைகூட மெதுவாக, “கொஞ்ச நேரம் மட்டும் போட்டுப் பாக்கலாமே” என்றார். நான் அவளுக்கு எதிரே நின்று கண்ணாலேயே கெஞ்சினேன். பொறி விழுந்தால் விழுந்துவிட்டுப் போகட்டும், ஒரு ஸ்பீக்கர் போனால் போகட்டும், உன் கல்யாணம் நடக்கட்டும் என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இந்த மனிதர்களைச் சொக்க வைக்கிற வித்தை அவள் கையில் இருக்கிறது. ஒரு பிளக்கைச் செருகவேண்டியதுதான் பாக்கி.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“உள்ள புகை போயிருக்கு, தண்ணி விழுந்திருக்கு. இப்பப் போட்டா தாள்ல ஓட்டை விழுந்துரும். அதுக்கப்புறம் அது எந்தக் காலத்துலயும் பாடாது. இன்னைக்குப் பூரா காயணும். நாளைக்கு வாங்க, போட்டுக் காட்டுதேன்.”

பெண் பார்க்க வந்தவர்களிடம் ‘நாளைக்கு வாங்க’ என்று சொன்ன பெண் எங்கள் ஊரில் அதற்கு முன்னாலும் இருந்திருக்கமாட்டாள், பின்னாலும் இருந்திருக்கமாட்டாள். பெரியவரின் அக்கா சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். “ராகு காலம் வருது. போயிட்டுக் கடுதாசி போடுதோம்.” அதற்கு என்ன அர்த்தம் என்று பெண் பிள்ளைகள் இருக்கிற எல்லா வீட்டுக்கும் தெரியும். பெரியவர் கொடியிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் காரில் ஏறினார்.

அன்று பகல் எங்கள் வீட்டில் சாவு வீட்டுக் களை. மாமியார் அழுதார், திட்டினார், மறுபடி அழுதார். “தட்டியக் கெட்டிக்கிட்டே கெட” என்றார். எனக்கும் கோபம் கோபமாக வந்தது. நாத்தனார் சேலை மாற்றிக்கொண்டு வந்து, இரண்டாவது ஸ்பீக்கரின் மூடியையும் கழற்றிவிட்டு, சந்தில் உட்கார்ந்து பிரஷ்ஷால் தட்ட ஆரம்பித்தாள். நான் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் போனேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதுவும் உள்ளே சொட்டிவிடக்கூடாது என்று முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள்.

“எனக்கும்தான் ஆசை மதினி. அவங்கள மயக்கணும்ங்கதுக்காவ அதப் போட்டுப் பாழாக்கிட்டா, அப்புறம் எனக்கே என்னப் புடிக்காதுலா?”

பக்கத்தில் உட்கார்ந்து விசிறியால் வீசிக்கொடுத்தேன், அவளுக்கில்லை, ஸ்பீக்கருக்கு.

மறுநாள் காலை நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்து நிமிர்ந்தால், பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, நல்ல உயரம். மாப்பிள்ளையின் அப்பா. தனியாக வந்திருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துண்டை ஏதும் மாற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

“நேத்து அந்தப் பிள்ள நாளைக்கு வாங்கன்னு சொல்லிச்சுல்லா? அதான் வந்தேன்” என்றார்.

மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார், காபி காபி என்றார், வார்த்தை குழறியது. நாத்தனார் அவசரப்படவில்லை. மூடிகளை மாட்டினாள். பிளக்கைச் செருகினாள். ஒரு ஸ்பீக்கர் பக்கத்தில் மண்டிபோட்டுக் காதை வைத்துக் கேட்டாள். பிறகு அடுத்ததில். டிக் என்று ஒரு சத்தம் வந்தாலும் இன்றைக்கும் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நானும் மாமியாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். வாழ்க்கையில் முதல் தடவையாக, பல்லி சொல்லக்கூடாதே என்று என் மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். பெரியவரும் காத்திருந்தார். அரை மணி நேரம் இருக்கும். அவள் எழுந்தாள்.

“இப்பப் போடலாம் மாமா.”

நாதஸ்வரம். சத்தமாக வைக்கவில்லை. பட்டாசலின் நடுவே ஒருவர் நின்று வாசித்தார். இருந்தது நாங்கள் நாலு பேர்தான், ஆனால் ஐந்தாவதாக ஒருவர் நின்றார். பெரியவர் கொஞ்ச நேரம் அசையாமல் கேட்டார். பிறகு எழுந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எட்டி எட்டி நடந்துபோய், தட்டிக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். வந்து உட்கார்ந்தார். பாட்டை முடிகிறவரை கேட்டார்.

“எங்க வீட்ல மூணு ஆம்பளைய” என்று என் மாமியாரைப் பார்த்துச் சொன்னார். “எம் பொஞ்சாதி இருந்தவரைக்கும், எது வேணும், எது வேண்டாம்னு அவ சொல்லுவா. அவ போனதுல இருந்து வேண்டாம்னு சொல்லுததுக்கு ஆளு கெடையாது. எவன் வந்து என்ன கேட்டாலும் சரி சரின்னு தலையாட்டியே வீடு ஒரு வழியாப் போச்சு. நேத்து நாம எல்லாரும் போடு போடுன்னு நிக்கோம். இந்தப் பிள்ள முடியாதுங்கு. ராத்திரி பூரா அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். எங்க அக்கா ஆயிரம் சொல்லுவா, அத நான் பாத்துக்கிடுதேன். எம் பையனுக்கு நேத்தே சம்மதம்.”

மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். காரியம் முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் பெரியவர் நாத்தனார் பக்கம் திரும்பினார்.

“ஒனக்குச் சம்மதமாம்மா? முடியாதுன்னா அதையும் இப்பவே சொல்லிரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

பெண்ணிடம் இப்படி நேருக்கு நேராகக் கேட்கிற வழக்கம் எங்கள் பக்கம் அப்போது கிடையாது. மாமியார் பதறிப்போய், “அவளுக்கு என்ன தெரியும், நாங்க சொன்னா...” என்று ஆரம்பித்தார். பெரியவர் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

“சம்மதம்” என்றாள் நாத்தனார்.

முந்தின நாள் ‘முடியாது’ என்று சொன்ன அதே குரல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்றைக்கு அழாத நான் அந்த ஒரு வார்த்தைக்கு அடுப்படியில் போய் நின்று அழுதேன்.

அந்த ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது. அவள் வாசுதேவநல்லூர் போய், அந்த மூன்று ஆண்பிள்ளைகளையும் ஒரு வழிக்குக் கொண்டுவந்த கதையை எழுதினால் தனியாக ஒரு புத்தகம் வரும். பெரியவர் கடைசிவரை, “எங்க வீட்ல ஒரு முடியாது இருக்கு” என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என்ன நடந்தது என்று யோசித்துப் பார்ப்பதுண்டு. பாடச் சொன்னார்கள், பாடினேன். நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். என் கணவர் தங்கமான மனிதர், எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்று நான் சொன்ன ‘சரி’யை என் வீட்டிலும் சரி, அவர்கள் வீட்டிலும் சரி, யாரும் காது கொடுத்துக் கேட்டதாக நினைவில்லை. என் நாத்தனார் சொன்ன ‘சம்மதம்’ என்ற ஒரு வார்த்தைக்காக ஒரு பெரிய மனிதர் பஸ் ஏறி வந்து வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றால், அது முந்தின நாள் அவள் தைரியமாகச் சொன்ன ‘முடியாது’ தேடிக்கொடுத்த மரியாதை என்பதை, இத்தனை வயதான பிறகும் நான் வியந்து வியந்து நினைத்துக்கொள்கிறேன்.